வராத நாற்பத்தொரு பேரைத் தேடிப் போனவருக்கு

சலீமா ஏரிக்கரைச் சக்கர வண்டிப் பட்டறையின் மதிப்பீட்டு அலுவலராக இருந்து பணி ஓய்வு பெறும் திருமதி ஃபைனஸ் நங்வாலே அவர்களுக்குப் பட்டறைப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

மதிப்பிற்குரிய அமாயி நங்வாலே அவர்களே!

மேசைக்குப் பின்னிருந்து மனிதரை அளக்க மறுத்தவரே! மணலில் நடந்து மதிப்பெண் போட்டவரே! கருணைக்காகக் கணக்கைக் கைவிடாமலும், கணக்குக்காகக் கருணையைக் காவு கொடுக்காமலும் முப்பத்தோராண்டுகள் எங்களோடு இருந்து, இன்று மாலை ஐந்து மணிக்கு விடைபெறும் பெருந்தகையே! வணக்கம்.

இப்படித் தொடங்குவது வழக்கம் என்பதால் தொடங்கினோம். அடுத்து உங்கள் பொறுமையைப் புகழ வேண்டும். முதல் வரைவில் "பொறுமையின் சிகரமே" என்றுதான் எழுதியிருந்தோம். போன வாரம் தேநீர் நேரத்தில் அதை உரக்கப் படித்துக் காட்டியபோது யாரும் கை தட்டவில்லை. வெல்டர் லுஃபெயோ முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "பொறுமையா? யாரு, இவங்களா? இவங்க பொறுமையா இருந்திருந்தா நாம எல்லாரும் சந்தோஷமா ஏமாந்திருப்போமே!" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம். இது கோபத்தில் எழுதிய மடல். கோபத்தில் எழுதியதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. மாட்டத் தோன்றாவிட்டால் பெட்டியில் வையுங்கள். ஆனால் இப்போது முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

முன்வரிசையில் மூன்று இருக்கைகள் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு இருக்கிறது. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

நான்கரை ஆண்டுகளுக்கு முன் தலைநகரத்திலிருந்து நடக்க இயலாதவர்களுக்கென்று நூற்றிருபது மடக்குச் சக்கர நாற்காலிகள் வந்தன. பளபளப்பானவை, இலேசானவை, முன்னால் உள்ளங்கை அகலத்தில் இரண்டு குட்டிச் சக்கரங்கள் கொண்டவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே காலையில் அத்தனையும் கொடுக்கப்பட்டன. படம் எடுத்தார்கள். பாட்டுப் பாடினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று வந்தது. மடக்கு நாற்காலி லாபமா, எங்கள் பட்டறையில் செய்யும் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி லாபமா? இதற்குத்தான் அவர்கள் விடை காண வேண்டியிருந்தது. எங்கள் வண்டியின் விலை மும்மடங்கு. அதை நாங்கள் ஒருபோதும் மறைத்ததில்லை.

விடை காண்பதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாப் பயனாளிகளையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். எழுபத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களில் எழுபத்துநான்கு பேர் நாற்காலி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பத்தொரு பேர் வரவில்லை. குழுவின் நடைமுறைப் புத்தகத்தில் ஏழாவது விதி இப்படி இருந்தது: அழைத்தும் வராதவர் குறை இல்லாதவராகக் கொள்ளப்படுவார். எழுபத்துநான்கோடு நாற்பத்தொன்றைக் கூட்டினார்கள். நூற்றிருபது பேரில் நூற்றுப் பதினைந்து பேருக்குத் திருப்தி என்று எழுதினார்கள். எங்கள் பட்டறைக்கு வரும் கொள்முதல் ஆணை நின்றது. வாங்கி வைத்திருந்த இரும்புக் குழாய்களைச் சரக்கறையில் பூட்டச் சொன்னார்கள். மறு உத்தரவு வரும்வரை தொடக்கூடாது என்றார்கள். கூடவே, மடக்கு நாற்காலி இன்னும் முந்நூறு வாங்க முடிவு செய்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குழுவின் மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு பெயர்களுக்கு நேரே "குறை இல்லை" என்று எழுதியது உங்கள் கைதான். பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று நாங்கள் தயங்கியபோது, "அதையும் எழுதுங்க. அதை விட்டுட்டு மத்ததை எழுதினா அது இன்னொரு பொய்க் கணக்கு" என்று சொன்னவர் நீங்கள். எழுதிவிட்டோம்.

மறுநாள் பட்டறையில் மண்டாசிப் பணியாரமும் தேநீருமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். லுஃபெயோ உங்கள் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"அமாயி, இந்த நாப்பத்தோரு பேரு?"

"வரல."

"வரலன்னா?"

"குறை ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஏழாவது விதி."

"அப்படியா? என் வெல்டிங் மெஷின் நின்னுபோச்சுன்னா, அது உங்க மேசைக்கு நடந்து வந்து சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் கடித்த மண்டாசியை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு அதைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அந்த வாரச் சனிக்கிழமை வாடகைச் சைக்கிளின் பின்னால் ஏறிக் கிளம்பினீர்கள். இப்படிப் பதினோரு சனிக்கிழமைகள். பயணப்படி கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் தேடிப் போன நாற்பத்தொன்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். சொன்னவர் இன்று வந்திருக்கிறார். காலி இருக்கைகளுக்குப் பக்கத்தில், தன் சொந்த இருக்கையோடு வந்து அமர்ந்திருக்கிறார்.

எனெலெசி ஒரு தையல்காரர். சிறுவயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய கால்கள் இயங்கவில்லை. சந்தையில் ரொட்டிக் கடையை ஒட்டி, கைப்பிடி சுற்றும் தையல் மெஷினோடு அவருக்கென்று ஓரிடம் இருந்தது. வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு மைல் மணல். அக்கா கணவருக்கு மனம் இருந்தால் சைக்கிளில் தூக்கி வைத்துக் கொண்டுபோய் விடுவார். மனம் இல்லாத நாளில் எனெலெசிக்குச் சந்தை கிடையாது. அதனால்தான் மடக்கு நாற்காலி கிடைத்த அன்று, தார்ச்சாலை முடியும்வரை அவர் பாடிக்கொண்டே வந்தார். தார் முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்தது. குட்டிச் சக்கரங்கள் மணலுக்குள் போயின. தள்ளினார்கள், இழுத்தார்கள், பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது மாதம் முன்சக்கரத்தின் தண்டு ஒடிந்தது. அந்த அளவுச் சக்கரம் சந்தையில் எந்தச் சைக்கிள் கடையிலும் இல்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் அவர் வீட்டிலேயே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை எனெலெசி முற்றத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் மணலில் நடந்து வருவது தெரிந்தது. இன்னொரு கையில் காகிதக் கட்டு. தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கொடுத்ததை உடைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருப்பார்கள், திரும்ப வாங்க வருகிறார்கள் என்று நினைத்தார். கடலைத் தோலைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டி வணங்கினார். பாயை இழுத்து விரித்தார்.

"உக்காருங்க அமாயி. வெயில்ல வந்திருக்கீங்க."

"நாற்காலி எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. கொடுத்தவங்களுக்கு நன்றி. கடவுள் அவங்களுக்கு நெறையக் கொடுக்கணும்."

எங்கள் கரையில் கிடைத்த பரிசைக் குறை சொல்பவர் இல்லை. உப்பில்லாத கறியைக்கூட விருந்தாளி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அது நமக்குத் தெரியும். தலைநகரத்துக் குழுவிலும் நம் ஆட்கள்தான் இருந்தார்கள், அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே எழுபத்துநான்கு மரியாதைகளை எழுபத்துநான்கு சாட்சிகளாக எழுதிக்கொண்டார்கள்.

"எங்க இருக்கு அது?"

"உள்ள இருக்கு."

"பாக்கலாமா?"

"இப்ப வேணாம் அமாயி. அடை காக்குது."

"எது?"

"கோழி."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வெடித்துச் சிரித்தார். "மறைக்காம சொல்லிடு எனெலெசி! அந்த நாற்காலில உக்காந்து உருப்படியா ஒரு வேலை பாத்தது அந்தக் கோழி மட்டும்தான்!"

எனெலெசிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தீர்கள். சிதென்ஜே துணி விரித்து, தூசி படாமல் துடைத்து வைத்த இருக்கை. அதன் நடுவில் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோழி. வெளியே வந்து பாயில் காலை மடித்து உட்கார்ந்தீர்கள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

எனெலெசி உங்களை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறீர்களோ என்று நினைத்ததாகப் பின்னால் எங்களிடம் சொன்னார்.

"எதுல வர்றது அமாயி?"

எனெலெசி மறுபடி கடலை உரிக்கத் தொடங்கினார். நீங்களும் உரித்தீர்களாம்.

"சந்தையில உன் இடம்?" என்று கேட்டீர்கள்.

"இப்ப அங்க தக்காளி விக்கிறாங்க." அடுத்த கடலையை எடுத்தபடி, "நாற்காலிய எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எடுத்துக்கிட்டாலும் பரவால்ல. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் விட்டு வைங்க."

பதினான்கு மாதங்கள், வாரத்துக்கு மூன்று சந்தை நாட்கள், தைக்காமல் போன பள்ளிச் சீருடைகள், அவரைத் தூக்கிவிடுவதற்காக அக்கா வயலுக்குப் போகாத காலைகள். இவற்றை எழுத உங்கள் படிவத்தில் இடம் இல்லை. நாற்காலியின் விலைக்கு ஒரு கட்டம் இருந்தது. அது இல்லாமல் ஒரு மனுஷி இழந்ததற்குக் கட்டம் இல்லை. நீங்கள் தாளைத் திருப்பி வெறும் பின்பக்கத்தில் எழுதினீர்கள். அங்கிருந்துதான் உங்கள் அறிக்கை தொடங்கியது.

நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேரின் நாற்காலிகள் உடைந்திருந்தன. நான்கு பேருடையவை நன்றாக இருந்தன, அன்று வேறு வேலை இருந்ததால் வரவில்லை. ஒருவர் எங்கோ குடிபெயர்ந்துவிட்டார், கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஆம், இறந்தவர்களும் குறை சொல்ல வரவில்லைதான். அவர்களையும் திருப்தி அடைந்தவர்களாக ஓர் அரசாங்கத் தாள் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை எழுதும்போது எங்கள் பேனா தாளைக் கிழித்தது. இதைப் பணிவாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

ஆனாலும் உங்கள் கோபம் கணக்கைக் கெடுக்கவில்லை. தார்ச்சாலை ஓரத்தில் இருப்பவருக்கு மடக்கு நாற்காலியே போதும், எங்கள் வண்டி வீண் செலவு என்று எழுதினீர்கள். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. லுஃபெயோ இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மணல் பாதையில் மடக்கு நாற்காலியின் ஆயுள் எட்டு மாதம், எங்கள் வண்டியின் ஆயுள் ஐந்தாண்டு, உடைந்தால் சந்தைச் சைக்கிள் கடையிலேயே சரிசெய்யலாம் என்றும் எழுதினீர்கள். அந்த ஐந்தாண்டை மடக்கு நாற்காலிகளால் நிரப்ப ஏழெட்டு வாங்க வேண்டும், விலை எங்கள் வண்டியைப் போல் இரண்டரை மடங்கு ஆகும் என்று காட்டினீர்கள். எனெலெசி இழந்த நாட்களைச் சேர்க்கும் முன்பே இவ்வளவு. மலிவு என்று அவர்கள் வாங்கியதுதான் விலை அதிகம்.

தலைநகரத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். ஓர் இருக்கை காட்ட வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. "வராதவங்களையெல்லாம் தேடிப் போய் எண்ணிக்கிட்டிருந்தா கணக்கு எப்பம்மா முடியும்? பழைய தாள்ல கையெழுத்துப் போடுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் குழுத் தலைவர்.

"எல்லாரும் போகலாம் சார். எதுல போறதுன்னு முப்பத்து மூணு பேரு கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி மேசையில் வைத்தீர்கள்.

அடுத்த மாதம் உங்கள் மேசையைச் சரக்கறைக்கு மாற்றினார்கள். வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அந்தச் சன்னல் இல்லாத அறையில், பூட்டி வைத்த இரும்புக் குழாய்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆண்டுக்கொரு முறை அதே அறிக்கையைத் திருத்தி அனுப்பினீர்கள். குழாய்களில் துரு ஏறாமல் மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்ததும் நீங்கள்தான். ஏன் என்று கேட்டால், "சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்பீர்கள்.

இந்த ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் மதிப்பீட்டுக்கு வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், பயனாளியும் குடும்பமும் இழக்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. இதைக் "குழு கண்டறிந்தது" என்றும் இருந்தது. உங்கள் வாக்கியங்கள் அப்படியே இருந்தன, உங்கள் பெயர் மட்டும் இல்லை. நான்கு முறை தேடினோம், அடிக்குறிப்பில்கூட இல்லை. புதிய முறை அடுத்த மதிப்பீட்டிலிருந்துதான், பழைய முடிவுகளுக்குப் பொருந்தாது என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அதாவது அந்த முப்பத்து மூன்று பேர் இன்னும் திருப்தியோடுதான் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கு மட்டும் நாங்களே ஒரு வழி செய்தோம். உடைந்த மடக்கு நாற்காலிகளின் துண்டுகளையும் பழைய சைக்கிள் பாகங்களையும் சேர்த்து, வேலை நேரம் முடிந்தபின் லுஃபெயோ எனெலெசிக்கு ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். அழகாக இல்லை. வலப்பக்கம் கொஞ்சம் சாயும். இன்று விழாவுக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த வண்டிதான். "என்ன, யாரையும் காணோம்? நான்தான் நொண்டின்னு நெனச்சேன், இங்க எல்லாரும் நொண்டியா?" என்று வாசலில் கேட்டுக்கொண்டே வந்தார் எனெலெசி. தக்காளிக்காரி இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால் ரொட்டிக் கடையின் மறுபக்கம் புதிய இடம் பிடித்திருக்கிறார். அவருக்கு வண்டி கிடைத்துவிட்டது, இன்னும் முப்பத்திரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த மூன்று காலி இருக்கைகள்.

குழுத் தலைவருக்கும் உறுப்பினர் இருவருக்கும் ஐந்து வாரங்களுக்கு முன் பதிவுத் தபாலில் அழைப்பு அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துகள் எங்களிடம் இருக்கின்றன. அழைப்பின் கீழே, உங்களுக்குத் தெரியாமல், ஒரு வரி சேர்த்திருந்தோம்: "சரக்கறையிலுள்ள இரும்புக் குழாய்களை எடுத்து முப்பத்திரண்டு வண்டிகள் செய்யவிருக்கிறோம். இதில் குறை காண்பவர் விழாவுக்கு நேரில் வந்து தெரிவிக்கலாம்."

மூன்று மணிக்கு விழா தொடங்கியது. இப்போது நான்கே கால். வாசலில் ஆள் நிறுத்திப் பார்த்தோம், தார்ச்சாலை வரைக்கும் ஒருவரை அனுப்பியும் பார்த்தோம். அவர்களிடம் நல்ல கார்கள் இருக்கின்றன. சாலை முழுவதும் தார்.

இது சரிதானா என்று மூன்று நாள் யோசித்தோம். இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. எங்களில் சிலருக்கு வேலை போகலாம். லுஃபெயோவுக்கு நான்கு பிள்ளைகள். அவரிடம் தனியாகக் கேட்டபோது, "அவங்க விதிதானே? நாம ஒண்ணும் புதுசா எழுதலையே" என்றார். அவர்கள் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தால், ஏழாவது விதியைப் படித்துக் காட்டுவோம். அந்த விதியை அவர்கள் ஒப்புக்கொண்டால் எங்கள் முப்பத்திரண்டு வண்டிகள் சரி. அதைத் தவறு என்றால் அந்த நூற்றுப் பதினைந்தும் தவறு. எது என்று அவர்களே சொல்லட்டும். நாங்கள் உட்கார்ந்து கேட்போம்.

சரக்கறைச் சாவி இன்று மாலை ஐந்து மணிவரை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. இந்த மடலைப் பெற்றுக்கொள்ளும்போது அதை எங்கள் கையில் கொடுங்கள். மனம் ஒப்பாவிட்டால் மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், உங்கள் மீது எங்களுக்கு வருத்தம் இருக்காது. நீங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்த பேனாவை நாங்கள் மறக்கவில்லை.

அம்மையே! மணலறிந்த உங்கள் முழங்கால்கள் இனி வலியின்றி இருக்கட்டும். உங்கள் அறையில் சன்னல் இருக்கட்டும், அதன் வழியே ஏரிக் காற்று வரட்டும். உங்கள் சனிக்கிழமைகள் இனி உங்களுக்கே. முப்பத்திரண்டு வீடுகளின் பாதைகளை உங்கள் குறிப்பிலிருந்து படியெடுத்து, ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டோம். வண்டி கொடுத்த பிறகும் போவோம். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டோம், உள்ளே போய்ப் பார்ப்போம். நெடுங்காலம் நலமோடிருந்து, நாங்கள் எங்கே தவறாக எண்ணுகிறோம் என்று வந்து சொல்லிக்கொண்டே இருங்கள்.

என்றும் உங்கள் அன்பையும் கண்டிப்பையும் மறவாத,
சலீமா ஏரிக்கரைப் பட்டறைப் பணியாளர்கள் எண்மர்
(முதல் கையெழுத்து, பணியாளர் அல்லாவிடினும் அனைவரின் விருப்பப்படி: எனெலெசி, தையல்காரர்)

இணைப்பு: விழா வருகைப் பதிவு
அழைக்கப்பட்டவர்: நூற்று நான்கு பேர்.
வந்தவர்: நூற்றொருவர். குழாய்களை எடுக்கலாமா என்று கேட்டோம், சம்மதித்தார்கள்.
வராதவர்: மூவர்.
குறை: இல்லை.